ஆறாம் வகுப்புக்கு மூன்று ஷிப்ட்

எனக்கு ஒருத்தர் மேல் கோபம். இத்தனை வருசம் ஆகியும் அது ஆறவில்லை. பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்கள் கோபத்தை அடக்கச் சொல்லித்தான் எழுதுவார்கள். நான் அப்படி எழுதினால் அது பொய்யாகிவிடும். அதனால் நடந்ததை நடந்த மாதிரியே எழுதுகிறேன். எந்த மில், எந்த ஆபீஸ், அந்த அதிகாரி யார் என்று மட்டும் எழுதப் போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகளும் எங்கேயாவது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எனக்கு வேலை. மிஷினில் ஓடுகிற நூல் எங்கே அறுந்தாலும் ஓடிப் போய் ஒட்டிவிடுகிற வேலை. நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். மில்லுக்குப் பின்னால் எங்கள் தெரு, தெருக்கோடியில் அரசாங்கப் பள்ளிக்கூடம். அஞ்சு வகுப்புக்கு ரெண்டு வாத்தியார், ஒரு ஓட்டுக் கட்டடம். மழை பெய்தால் எல்லா வகுப்பும் ஒரே பக்கம் ஒண்டிக்கொள்ளும். ஒண்ணாம் வகுப்பு ‘அ, ஆ’ என்று கத்தும். அதற்கு நடுவில் அஞ்சாம் வகுப்பு வகுத்தல் கணக்குப் போடும்.

பக்கத்திலேயே ஆறாம் வகுப்புக்கென்று ஒரு கட்டடம் ஆரம்பித்தார்கள். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பியது. அதோடு நின்றுவிட்டது. கேட்டால், ஒதுக்கின பணத்தில் பாதிதான் வந்தது என்றார்கள். மிச்சப் பாதியைப் பற்றிக் கேட்டால் ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீசைக் கை காட்டியது. அந்தச் சுவருக்குள் ஆடு கட்டினார்கள்.

ஆறாவது படிக்க வேண்டுமென்றால் மெயின் ரோட்டைத் தாண்டி ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். பையன்கள் சைக்கிளில் போய்விடுவார்கள். பொம்பளைப் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். அவர்களுக்கென்று வேறு ஒன்று வரும். தீப்பெட்டி ஆபீஸ் பஸ். தீப்பெட்டி செய்கிற இடத்தை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். கோழி கூப்பிடுகிற நேரத்துக்குத் தெருமுனையில் வந்து ஆரன் அடிப்பான். அஞ்சாவது முடித்த பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு ஏறும். அந்த வருசம் என் மகள் அஞ்சாவது. அதற்கு ஆள் சேர்க்கிற ஏஜெண்டு ஒருதடவை வீட்டுக்கே வந்து, "பாப்பாவுக்கு விரலு நல்ல நீளம்" என்று சொல்லிவிட்டுப் போனான். தீக்குச்சி அடுக்குவதற்குத்தான் அப்படி விரலைப் பார்ப்பார்கள்.

அதனால் மனு எழுதினோம். ஆறாம் வகுப்பு வேண்டும், நின்ற சுவருக்கு மிச்சப் பணம் வேண்டும், இன்னொரு வாத்தியார் வேண்டும். எழுதியது நான்தான். அதில் ஒரு தப்புப் பண்ணினேன். மில்லுக்காரன் தவிர வேறு யாரும் பண்ண மாட்டான்.

மில்லில் ஆளுக்கு ஒரு டோக்கன் நம்பர் உண்டு. எங்கள் டிபார்ட்மெண்டில் ஒரே பேரில் ஆறு பேர். லீவுச் சீட்டில் நம்பர் இல்லையென்றால் டைம் ஆபீசில் தூக்கி எறிவார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட உறைமேல் பேரையும் நம்பரையும் சேர்த்துத்தான் எழுதுவோம். அந்தப் பழக்கத்தில், கையெழுத்து வாங்கப் போன வீட்டிலெல்லாம், "பேரை மட்டும் போட்டா எவன் நம்புவான்? நம்பரையும் போடுங்க" என்று சொன்னேன்.

எதிர்வீட்டு பாய் மட்டும் யோசித்தார். நூல் சுற்றுகிற டிபார்ட்மெண்டில் பல வருசமாகத் தற்காலிக ஆளாக இருந்தவர். அவருக்கு ரெண்டு பெண் பிள்ளைகள். அந்த மாசம் பெர்மனண்ட் ஆர்டர் வருமென்று சொல்லியிருந்தார்கள்.

"அண்ணே, இது பள்ளிக்கூட விசயம்லா. இதுக்கு எதுக்கு நம்பரு?" என்றார்.

"நம்பரு போட்டாத்தான் பாய் ஆளுக்கு மதிப்பு" என்றேன்.

அவர் பேனாவை வாங்கி, முதலில் நம்பரைப் போட்டார். பேரை அப்புறம் எழுதினார்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பத்துப் பேர் பஸ் ஏறிப் போனோம். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பான ஆபீஸ் அங்கே இருந்தது. அதிகாரிக்கு ஐம்பது வயசு இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை. மனுவை வாங்கி மேசைமேல் போட்டு, அதன்மேல் டீ டம்ளரை வைத்தார். டம்ளரைத் தூக்கியபோது பேப்பரில் வட்டமாகக் கறை. அப்புறம்தான் படித்தார்.

"என்னய்யா, பேருக்குப் பக்கத்துல எல்லாம் நம்பரு போட்டிருக்கு? ஜெயில்ல இருந்தா வாரீங்க?"

குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். எங்கள் ஆட்களிலும் ரெண்டு பேர் மரியாதைக்குச் சிரித்து வைத்தார்கள்.

"மில்லு நம்பருங்க ஐயா."

"எந்த மில்லு?"

நான் பெருமையாகச் சொன்னேன். அவர் அதை மனுவின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். நமக்கு ஏதோ நல்லது நடக்கப் போகிறது என்று நினைத்தேன். எனக்கு அம்புட்டுத்தான் புத்தி.

"ஐயா, ஜூன்ல ஆறாவது திறந்தா எங்க பொம்பளப் புள்ளைக..."

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அஞ்சாவது படிச்சாலும் தீப்பெட்டிதான் ஒட்டப் போவுது. ஆறாவது படிச்சாலும் தீப்பெட்டிதான் ஒட்டப் போவுது. நடுவுல ஒரு வருசம் எதுக்குய்யா வேஸ்ட்டு? போங்க, போங்க."

பிள்ளைகளே, இந்தச் சொல்லை அவர் கோபத்தில் சொல்லவில்லை. சும்மா, டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

ரெண்டு வாரம் கழித்து டைம் ஆபீசில் கூப்பிட்டார்கள். மேசைமேல் எங்கள் மனுவே கிடந்தது, டீக் கறையோடு. அவர் அதை மில்லுக்கு அனுப்பிவிட்டார். உங்கள் தொழிலாளர்கள் அரசு அலுவலகத்துக்கு வந்து தொந்தரவு செய்கிறார்கள், தக்க நடவடிக்கை எடுக்கவும் என்று கூடவே ஒரு கடிதம். ஆளைத் தேடுகிற சிரமமே மேனேஜருக்கு இல்லை. நம்பரைப் பார்த்தார், வரிசையாகக் கூப்பிட்டார். எல்லாருக்கும் மெமோ. எழுதியவன் என்பதால் என்னை ப்ளோ ரூமுக்குத் தள்ளினார்கள். பஞ்சுப் பொதியை உடைத்து மிஷினுக்குள் போடுகிற இடம் அது. உள்ளே எந்நேரமும் பஞ்சு மழை. அதுவும் நிரந்தரமாக நைட் ஷிப்ட். பாயுடைய பெர்மனண்ட் ஆர்டரை நிறுத்திவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் பாய் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நீங்க சொன்னீயன்னுதான்ணே போட்டேன்" என்றார். அம்புட்டுதான், போய்விட்டார்.

அந்த அதிகாரி மேல் எனக்குப் பகை பிடித்தது அந்த நிமிசத்தில்தான். என் தப்பு என்று தெரியும். தெரிந்ததால் பகை கூடத்தான் செய்தது.

தெருவில் கூட்டம் போட்டோம். ரெண்டு இளவட்டங்கள், "அவரு சைக்கிள் டயரக் கிழிச்சிருவோம்ணே" என்றார்கள்.

"டயர மறுநாளே மாத்திருவான்லே. அவன் சாயங்காலம் வீட்டுக்குப் போனாலும் நம்ம மூஞ்சி கூடவே போகணும். அப்படி ஏதாச்சும் சொல்லுங்க" என்றேன்.

பாய்தான் யோசனை சொன்னார். மில்லில் ஒரு சட்டம் உண்டு. உங்கள் ஷிப்ட் முடிந்தாலும், அடுத்த ஷிப்ட் ஆள் வந்து மிஷின் பக்கத்தில் நிற்காமல் நீங்கள் நகரக் கூடாது. மிஷின் ஒரு நிமிசம்கூட ஆள் இல்லாமல் இருக்கக் கூடாது. "அவரையும் அதே மாதிரி ஓட்டுவோம்ணே. மூணு ஷிப்ட்டுலயும் ஆளு இருக்கோம்ல" என்றார் பாய்.

அவருடைய அறைக்கு எதிரே வராண்டாவில் ஒரு பெஞ்சு கிடந்தது. மனுக் கொடுக்க வருகிறவர்கள் உட்காருவதற்கு. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அது எங்கள் பெஞ்சு. நைட் ஷிப்ட் முடிந்து காலை எட்டு மணிக்கு வெளியே வருகிற நாங்கள் நேரே பஸ் ஏறி, அவர் வருவதற்கு முன்னால் போய் உட்காருவோம். பன்னிரண்டு மணிக்கு, சாயங்காலம் வேலைக்குப் போக வேண்டியவர்கள் வந்து எங்களை மாற்றிவிடுவார்கள். மத்தியானத்துக்கு மேல் பெண்கள். பகல் ஷிப்ட் முடிந்தவர்கள் கடைசியாக வந்து, அவர் பூட்டிவிட்டுப் போகிற வரைக்கும் இருப்பார்கள். ஆள் மாறும்போது வருகிறவர் போகிறவருடைய தோளைத் தொடுவார். தொட்ட பிறகுதான் எழுந்திருக்கலாம்.

சட்டம் கடுமையாகப் போட்டிருந்தேன். சத்தம் போடக் கூடாது. வெற்றிலை துப்பக் கூடாது. கெட்ட வார்த்தை கூடவே கூடாது. அவரையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அவர் என்ன கேட்டாலும் ‘ஆறாம் வகுப்பு, ஐயா’ என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

முதல் நாள் கேட்டார். "என்ன?"

"ஆறாம் வகுப்பு, ஐயா."

"அதான் சொல்லியாச்சுல்ல?"

"ஆறாம் வகுப்பு, ஐயா."

"ஏன்யா, வேலைக்குப் போகலியா? மில்லுக்குச் சொல்லவா?"

"ஆறாம் வகுப்பு, ஐயா. நைட் ஷிப்ட் முடிஞ்சு வாரேன். இனி ராத்திரிதான் வேலை. நீங்க போட்டுக் குடுத்த ஷிப்ட்டுதான்."

அவரால் மில்லுக்குப் புகார் எழுத முடியவில்லை. வேலை நேரத்தில் ஒருத்தரும் வரவில்லையே.

இன்னொன்றும் செய்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன். ப்ளோ ரூமில் வேலை பார்த்தால் தலை, புருவம், காது, சட்டை எல்லாம் பஞ்சாக இருக்கும். மற்றவர்கள் மில் குழாயில் கழுவிவிட்டு வருவார்கள். நான் கழுவ மாட்டேன். அப்படியே போய் உட்காருவேன். அவருடைய அறைக் கதவு திறந்திருக்கும், மேலே ஃபேன் சுற்றும். நான் தலையை லேசாகத் தட்டுவேன். பஞ்சு எழும்பி மிதந்து உள்ளே போகும். ஃபைல்மேல் விழும், டீயில் விழும். அவர் விரலை விட்டு எடுத்துப் போடுவார், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். எந்த அறைக்கு என்னை அனுப்பினாரோ, அந்த அறையை நான் அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது எனக்கு இனித்தது. இப்போது நினைத்தாலும் இனிக்கத்தான் செய்கிறது.

அவர் கதவைச் சாத்திப் பார்த்தார். சித்திரை வெயில், கரண்டும் போய்ப் போய் வரும். சட்டை நனைந்து, அவரே கதவைத் திறந்துவிட்டார். மேசையைத் திருப்பிப் போட்டு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நாங்கள் பிடரியைப் பார்த்தோம். பத்து நிமிசத்துக்கு ஒருதடவை கையால் பிடரியைத் தடவிக்கொள்வார். பியூன் தினமும் காலையில், "ஐயா, உங்க பாடிகார்டு எல்லாம் வந்தாச்சு" என்பார். வேறு வேலையாக வருகிறவர்கள் எங்களிடம், "அண்ணாச்சி, இவிய என்ன பண்ணுனாவ?" என்று கேட்பார்கள். "ஆறாம் வகுப்பு" என்போம். சாயங்காலம் அவர் சைக்கிளில் போகும்போது கடைசி ஷிப்ட் ஆட்கள் பத்தடி தள்ளி ஓட்டமும் நடையுமாக ரத வீதி வரைக்கும் கூடப் போவார்கள். வீட்டுத் தெருவுக்குள் மட்டும் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

மே மாசம் முதல் வாரம் அவருடைய நாற்காலி காலியாகக் கிடந்தது. பிரஷர் என்று நீண்ட லீவில் போய்விட்டார் என்றார் பியூன். நாங்கள் பஸ் ஸ்டாண்டில் பால்கோவா வாங்கி, இலையோடு பிய்த்து எல்லாரும் தின்றோம். "ஆளத் தூக்கிட்டோம்ணே" என்று இளவட்டங்கள் என் முதுகில் தட்டினார்கள். எனக்குக் கல்யாண வீட்டில் இருக்கிற மாதிரி இருந்தது.

அந்த ஆபீசில் டைப் அடிக்கிற ஒரு அம்மா எங்களைப் பார்த்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தார்.

"அண்ணாச்சி, சந்தோசமா இருக்கீய போல?"

"இருக்கோம்மா. நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க."

"உங்க ஃபைல நான்தான் டைப் அடிச்சேன். புது ஆறாம் வகுப்புக்குச் சிபாரிசுக் கடிதம். அவிய சொன்னதால அடிச்சேன். உங்க தொல்லை தாங்காம, அனுப்பிருவோம்னுதான் இருந்தாவ. கையெழுத்து மட்டுந்தான் பாக்கி."

கையிலிருந்த பால்கோவாவை இலையிலேயே திரும்ப வைத்தேன்.

"வேற யாரும் போட மாட்டாங்களாம்மா?"

"அவிய எடத்துல தற்காலிகமாப் பொறுப்புப் பாக்கிறவரு சிபாரிசுல எல்லாம் கை வைக்க மாட்டாரு. இந்த மாசத்துக்குள்ள மேல போகலன்னா இந்த வருசம் ஆறாவது கெடையாது. நாற்காலியக் காலி பண்ணிட்டீய, இனி கையெழுத்த யாருகிட்ட வாங்குவீய?"

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"ஏஜெண்டு காலையில வந்தான். ஜூன் மொதத் தேதி பஸ்சுல எடம் இருக்காம்."

"நீ என்ன சொன்ன?"

"எங்க வீட்டுக்காரரு ஆறாம் வகுப்பு வாங்கப் போயிருக்காருன்னு சொன்னேன்." அரிசித் தண்ணீரைச் சாய்த்தாள். "நீங்க போனது அதுக்கா, அவரப் பழி வாங்கவான்னு இப்பதான் எனக்குச் சந்தேகமா இருக்கு. உங்க கோவத்துக்கு எம் புள்ளையப் பஸ் ஏத்தணுமா?"

மகள் அந்தப் பக்கம் உட்கார்ந்து பழைய காலண்டர் தாளில் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள், ஆறாம் வகுப்புக்கு. பாய் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் போடுகிறாளாம். எங்கள் பேச்சைக் கேட்டாளா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நானும் மனைவியும் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டுக்குப் போனோம். நானே போகக் கூடாது என்று சொல்லியிருந்த தெருவுக்குள் நானே போனேன். அவர் லுங்கியோடு நாற்காலியில் இருந்தார், இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். நான் கும்பிட்டேன். கும்பிடுவதைப் பார்த்ததும் திரும்ப உட்கார்ந்தார்.

"இங்கயும் வந்துட்டீங்களா?"

"உட்கார வரலீங்க ஐயா. ஃபைல்ல ஒரு கையெழுத்து..."

அவருக்கு விளங்கிவிட்டது. உள்ளே திரும்பி அவர் மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா வந்து நின்றதும் சொன்னார்: "இப்பச் சொல்லும். நீரு பண்ணுனது தப்பு, மன்னிச்சிருங்கன்னு இவ முன்னால சொல்லும். ராத்திரி நான் தூக்கம் இல்லாமக் கெடந்ததுக்கு இவதான் சாட்சி."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

டீ டம்ளரும், எங்கள் வாசலில் வந்து நின்ற பாயும், அவர் சொன்ன அந்தத் தீப்பெட்டிச் சொல்லும் எனக்கு ஞாபகம் வந்தன. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்பதா? அவர் பாயிடம் கேட்டாரா? என் மகளிடம் கேட்டாரா?

"தப்புங்க ஐயா. மன்னிச்சிருங்க" என்றேன்.

"இன்னொருதடவை. சத்தமா."

இன்னொருதடவை சொன்னேன், சத்தமாக. அந்த அம்மா, "போதும், விடுங்க. அவருக்கும் பொம்பளப் புள்ள" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தண்ணீர் கொண்டுவந்தார். நான் குடிக்கவில்லை. என் மனைவி குடித்தாள்.

திங்கட்கிழமை அவர் ஆபீஸ் வந்தார். பெஞ்சு காலியாக இருந்தது. புதன்கிழமை டைப்பிஸ்ட் அம்மா சொல்லி அனுப்பினார்: கையெழுத்து ஆகி, தபாலில் மேலே போய்விட்டது. ஜூன் கடைசியில் ஆர்டர் வந்தது. எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு. என் மகள், பாயுடைய பெரிய மகள், இன்னும் சில பிள்ளைகள். அந்த ஜூன் முழுக்க ஏஜெண்டு தெருமுனையில் ஆரன் அடித்துப் பார்த்தான். எங்கள் தெருவிலிருந்து ஒரு பிள்ளையும் புதுசாக ஏறவில்லை.

ஆனால் ஆறாம் வகுப்பு வந்ததே தவிர, வாத்தியார் வரவில்லை. சுவருக்கு மிச்சப் பணமும் வரவில்லை. ஆறாம் வகுப்பு அந்த அரைச் சுவருக்குள் ஓலைக்கு அடியில் உட்கார்ந்தது. ஆட்டுக்காரர்களை நாங்களே காலி பண்ணினோம்.

ஜூலை முதல் திங்கட்கிழமை, நைட் ஷிப்ட் முடிந்து நான் தலை கழுவவில்லை. பஸ் ஏறினேன். பாயும் கூட வந்தார், அவர் இன்னும் தற்காலிகம்தான். அதிகாரியின் அறைக்கு எதிரே உட்கார்ந்தோம். அதிகாரி வந்து நாற்காலியில் அமர்ந்து, பேனா மூடியைக் கழற்றி, நிமிர்ந்தவர் அப்படியே இருந்துவிட்டார்.

"மன்னிப்புக் கேட்டீரே" என்றார்.

"அது ஆறாம் வகுப்புக்குங்க ஐயா" என்றேன். "இது வாத்தியாருக்கும் சுவருக்கும்."

பன்னிரண்டு மணிக்கு அடுத்த ஷிப்ட் ஆள் வந்து என் தோளைத் தொட்டார். தீபாவளிக்கு முந்தின வாரம் வாத்தியார் வந்தார். தை மாசம் சுவர் கூரை மட்டத்துக்கு ஏறியது. பாய்க்கு ஆர்டர் வர இன்னும் ரெண்டு வருசம் ஆயிற்று, அதற்கு நாங்கள் எந்தப் பெஞ்சில் உட்காருவது என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை.